பெயர்ப்பட்டியலும் விளம்பரத் தடையும் – ஒரு வரலாற்று நோக்கு

பழைய கணினி ஒன்றிலே பப்பி லினக்ஸ் போன்ற சிறியதொரு பணிசெயல் முறைமையை நிறுவிப் பயன்படுத்துவோர், அக்கணினி முழுமைக்கும் பொதுவாக இணைய விளம்பரங்களைத் தடுக்க விரும்பின், அவர்கள் முதலில் நாடுவது ஒரு சிறு எழுத்துக் கோப்பையே. 'ஹோஸ்ற்ஸ்' என்பது அதன் பெயர். அதன் ஒவ்வொரு வரியிலும் ஓர் எண் முகவரியும் அதற்கெதிரே ஒரு பெயரும் இருக்கும். விளம்பரம் வழங்கும் நிறுவனமொன்றின் பெயருக்கு எதிரே அக்கணினியின் சொந்த முகவரியை எழுதிவிட்டால், விளம்பரத்தைத் தேடிப் புறப்படும் கோரிக்கை வீட்டு வாசலைத் தாண்டாமலே முடிந்துவிடும். ஏற்பாடு இவ்வளவே. எனினும் இது சிலவேளை பயன் தருகின்றது. சிலவேளை எல்லாம் முறைப்படி செய்தும் விளம்பரங்கள் வந்துகொண்டேயிருக்கின்றன. அவ்வாறு பயன் தராதவிடத்துக் காரணந் தேடுவோர் அதனைத் தொழில்நுட்பக் கோளாறாக மட்டுமே காண்பர். அக்கோளாறுகளுட் பலவும் கணினி வலையமைப்பின் ஐம்பதாண்டு வரலாற்றிலே வெவ்வேறு காலங்களிற் படிந்த படைகள் ஒன்றோடொன்று பொருந்தாமையால் விளைபவை என்பதையும், அவற்றின் அடியிலே 'ஒரு பெயர் எங்கே கொண்டு செல்லும் என்பதைத் தீர்மானிப்பவர் யார்?' என்னும் வினா கிடக்கின்றது என்பதையும் எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆதரவில் 1969 இல் தோன்றிய ஆர்ப்பாநெற் என்னும் வலையமைப்பே இவ்வரலாற்றின் தொடக்கம். ஆரம்பத்தில் அதில் இணைந்திருந்த நிலையங்கள் சிலவே. ஒவ்வொரு நிலையமும் ஏனைய நிலையங்களின் பெயர்களையும் எண்களையும் கொண்ட பட்டியலைத் தானே எழுதி வைத்துக்கொண்டது. ஓரிடத்திலுள்ள பட்டியல் இன்னோரிடத்திலுள்ளதோடு ஒத்திராமை விரைவிலேயே இடர்ப்பாடாயிற்று. அதிகாரபூர்வமான ஒரே பட்டியலை ஓரிடத்திற் பேணி, யாவரும் வலையமைப்பின் வழியே அதனைப் பெற்றுக்கொள்ளச் செய்யவேண்டும் என்று பீற்றர் டொய்ச் என்பார் 1973 டிசம்பரில் ஒரு குறிப்பு வெளியிட்டார். அடுத்த மாதமே அப்பொறுப்பைக் கலிபோர்னியாவிலுள்ள ஸ்ரான்போட் ஆராய்ச்சி நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அந்நிறுவனத்தின் வலையமைப்புத் தகவல் நிலையத்தை 1989 வரை நடத்தியவர் எலிசபெத் பைன்லர் என்னும் பெண்மணி. புதிதாகக் கணினியொன்றை இணைப்போர் அவரது அலுவலகத்துக்கு மின்னஞ்சல் மூலமோ, அலுவலக நேரத்தில் தொலைபேசி மூலமோ அறிவித்தல் வேண்டும். பெயர் அங்கு பதியப்பட்ட பின்னரே அக்கணினி ஏனையோர் கண்ணுக்குப் புலனாகும். ஒரு கண்டம் முழுவதும் பரந்த வலையமைப்பின் பெயரகராதியை ஓர் அலுவலகத்திலே சிலர் கையால் எழுதிப் பேணினர் என்பது இன்று நம்புதற்கரிதாகத் தோன்றலாம். அக்காலத்தில் அதனைக் குறையாகக் கருதியவர் மிகச் சிலரே. பட்டியல் பொதுவானது; அதனைப் பேணியோர் அதனால் இலாபமீட்டவில்லை; அதன் நோக்கம் ஒருவரை இன்னொருவர் கண்டடையச் செய்வதே.

இவ்வேற்பாடு தன் வளர்ச்சியாலேயே சிதைந்தது. கணினிகளின் தொகை பெருகும்போது பட்டியல் நீளும். அதனைப் பிரதிசெய்துகொள்ள வேண்டியோரின் தொகையும் உடன் பெருகும். எனவே பட்டியலை விநியோகிக்கும் சுமை கணினிகளின் தொகையின் வர்க்கத்துக்கு விகிதசமமாக உயர்ந்தது. இதனை எடுத்துக்கூறி மாற்று வழியை வகுத்தவர் போல் மொக்காபெற்றிஸ். 1983 நவம்பரில் அவர் வெளியிட்ட ஆள்களப் பெயர் முறைமையில் ஒரே பட்டியல் என்பது கிடையாது. பெயர்கள் மரக்கிளைகள் போலப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கிளையும் அதற்குரியோர் பொறுப்பில் விடப்பட்டது. கணினி தனக்கு வேண்டிய பெயரைப் பற்றி வேண்டிய நேரத்தில் வினவி விடை பெறும்.

ஆயின் பழைய கோப்பு ஒழிக்கப்படவில்லை. இதுவே இக்கட்டுரைப் பொருளின் திருப்புமுனை. அதே 1983 இல் வெளிவந்த பேர்க்லி யுனிக்ஸ் பதிப்பு இணைய நடப்பொழுங்குகளோடு 'ஹோஸ்ற்ஸ்' கோப்பையும் கொண்டிருந்தது. வெளியுலகத் தொடர்பு அறுந்தாலும் ஒரு கணினி தன்னையும் தன் அயலாரையும் பெயர்சொல்லி அழைக்க வல்லதாயிருத்தல் வேண்டும் என்பது அதனை வைத்திருந்தமைக்கு நியாயமான காரணம். பின்வந்த யுனிக்ஸ் வழி முறைமைகளும் லினக்சும் இதனைப் பின்பற்றின. 'முதலிற் கோப்பைப் பார். அங்கு இல்லையேல் வெளியே வினவு' என்பதே அவற்றின் வழமையான ஒழுங்காயிற்று. இவ்வாறு, உலகப் பெயர் முறைமை எதைச் சொன்னாலும் அதற்கு முன் ஒரு சொல் சொல்லும் உரிமை கணினியின் உடைமையாளரிடம் எஞ்சியது. எவரும் திட்டமிட்டு அளித்த உரிமையன்று அது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை அவ்வுரிமைக்கு வேலை இருக்கவில்லை. அமெரிக்க தேசிய விஞ்ஞான மன்றத்தின் முதுகெலும்பு வலையமைப்பு வியாபாரப் பாவனையை அனுமதிக்கவில்லை. அது 1995 ஏப்ரில் மாத இறுதியில் மூடப்பட்டு, போக்குவரத்துத் தனியார் கைக்கு மாறியது. அதற்குச் சற்று முன்னதாகவே, 1994 ஒக்டோபர் 27 இல், 'ஹொட்வயர்ட்' என்னும் இணைய சஞ்சிகை தன் பக்கங்களிலே பட்டை விளம்பரங்களை வெளியிடத் தொடங்கியிருந்தது. தொலைபேசி நிறுவனமான ஏ.ரி. அன்ட் ரி. அவ்விளம்பரதாரர்களுள் ஒருவர். அச்சுப் பத்திரிகையில் விளம்பரமும் செய்தியும் ஒரே தாளில் ஒரே மையால் அச்சிடப்படும். இணையப் பக்கமோ வாசகரின் கணினியிலேயே பல துண்டுகளிலிருந்து கோக்கப்படுகின்றது. ஒவ்வொரு துண்டும் வெவ்வேறு இடத்திலிருந்து வரலாம். இவ்வியல்பை மூலதனமாக்கியே 1996 இல் டபிள்கிளிக் போன்ற நிறுவனங்கள் தோன்றின. ஆயிரக்கணக்கான தளங்களுக்கு ஒரே சேவையகத் தொகுதியிலிருந்து விளம்பரம் வழங்கினால், எந்த வாசகர் எத்தளங்களுக்குச் சென்றார் என்பதை ஒருங்கே அறியலாம். அவ்வறிவே விற்பனைப் பொருளாயிற்று. கூகிள் 2007 இல் டபிள்கிளிக்கை 310 கோடி டொலருக்கு வாங்க முன்வந்து, 2008 மார்ச்சில் அக்கொள்வனவை நிறைவுசெய்தது. அப்பொருளின் பெறுமதியை இதனால் ஊகிக்கலாம்.

விளம்பரத் தடை சாத்தியமானதும் இதனாலேயே என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. விளம்பர வியாபாரம் மையப்பட்டமையால் அதற்குத் தனிப் பெயர்கள் அமைந்தன. தனிப் பெயர் இருப்பின் அதனைத் தனியே மறுக்கலாம். இலாபத்துக்கு அடிப்படையாயிருந்த அதே அமைப்பு அதன் பலவீனமுமாயிற்று.

தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து தன்னார்வலர் சிலர் விளம்பரச் சேவையகங்களின் பெயர்களைத் திரட்டி 'ஹோஸ்ற்ஸ்' வடிவிலே வெளியிடலாயினர். டான் பொலொக், பீற்றர் லோ ஆகியோர் நீண்டகாலமாகப் பேணிய பட்டியல்கள் பெயர்பெற்றவை. இவைபோன்ற பலவற்றை ஸ்ரீவன் பிளாக் பின்னர் ஒன்றிணைத்தார். 'ஹோஸ்ற்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு விருந்தோம்புபவர் என்பது பொருள். விருந்தோம்புவோரின் பட்டியலாகத் தொடங்கிய ஒன்று, வாசலிற் திருப்பி அனுப்பவேண்டிய விருந்தினரின் பட்டியலாக மாறியமை விருந்தோம்பலைப் பெரிதும் பேசும் மொழிக்குரிய எமக்குச் சற்று நகைப்பூட்டலாம்.

இதே காலத்தில் வேறொரு வழியும் பிறந்தது. டென்மார்க்கில் மாணவராயிருந்த ஹென்றிக் ஆஸ்ரெட் சோரென்சன் 2002 இல் உலாவியினுள்ளேயே விளம்பரங்களை நீக்கும் இணைப்புநிரலை எழுதினார். உலாவிவழித் தடை நுட்பமானது. பக்கத்தின் ஒரு மூலையை மட்டும் வெட்டவல்லது. ஆனால் அது நினைவகத்தை வேண்டி நிற்பது. 2003 இல் அவுஸ்திரேலியரான பரி கோலர் வெளியிட்ட பப்பி லினக்ஸ், மற்றையோர் எறிந்துவிடும் கணினிகளை நோக்கியது. சிறிதளவு நினைவகமே கொண்ட அத்தகைய இயந்திரத்தில் உலாவியே பெருஞ்சுமை. அங்கு 'ஹோஸ்ற்ஸ்' கோப்பு ஏறக்குறையச் செலவின்றி எல்லா உலாவிகளுக்கும் ஒருங்கே பணிபுரியும். பப்பியிலேயே இப்பட்டியல்களை இறக்கிச் சேர்க்கும் சிறு நிரலொன்று இடம்பெற்றமை வியப்பன்று. முற்கொடுப்பனவுத் தரவைக் கணக்கிட்டுச் செலவிடும் எம்போன்ற மாணவருக்கு, தாம் கேளாத விளம்பரத்துக்குத் தாமே பணங்கொடுப்பதைத் தவிர்க்கும் வழியாகவும் இது அமைகின்றது.

இனி, இம்முறை தவறும் இடங்களை நோக்குவோம். பப்பியில் முதலில் ஐயுறவேண்டியது பட்டியலையன்று, அது எங்கே எழுதப்பட்டது என்பதையே. அம்முறைமையின் மூலக்கோப்புகள் மாற்றமுடியாத ஒரு படையாக நினைவகத்தில் ஏறுகின்றன. பாவனையாளர் செய்யும் மாற்றங்கள் அதன்மேல் இன்னொரு படையாகவே அமைகின்றன. அமர்வை முடிக்கையில் மேற்படையைச் சேமியாது விட்டால் அடுத்தநாட் காலை கோப்பு பழையபடியே இருக்கும். இன்னுஞ் சிலர் இறக்கிய பட்டியலைப் பழைய கோப்பின்மீது முழுவதாக எழுதிவிடுவர். அப்பட்டியலில் கணினியின் சொந்தப் பெயர் இராதாகையால், தன்னையே பெயர்சொல்லி அழைக்கும் நிரல்கள் தடுமாறத் தொடங்கும். 1983 இல் அக்கோப்பு எதற்காக வைக்கப்பட்டதோ அப்பணியை இவர்கள் அறியாமலே நீக்கிவிடுகின்றனர்.

சோதனை செய்யும் முறையிலேயே ஒரு பொறியுமுண்டு. தடை பலித்ததா என அறிய 'என்.எஸ்.லுக்கப்', 'டிக்' ஆகிய கட்டளைகளை இடுவோர் விளம்பர நிறுவனத்தின் உண்மை முகவரியையே விடையாகப் பெற்று மனஞ்சோர்வர். அவை பெயர்ச் சேவையகத்தை நேரே வினவுவதற்கென்று எழுதப்பட்டவை. கோப்பைத் திரும்பியும் பாராதவை. 'கெற்என்ற்' என்னும் கட்டளையோ முறைமை வழமையாகப் பின்பற்றும் ஒழுங்கில், கோப்பிலிருந்தே தொடங்கித் தேடும். இரண்டும் வேறு வேறு விடை தருமாயின் கோப்பு ஒழுங்காகவே உள்ளது, தவறு வேறிடத்தில்.

அவ்வேறிடம் பெரும்பாலும் உலாவியே. முன்பு அறிந்த முகவரியை அது நினைவில் வைத்திருக்கலாம். மூடித் திறந்தால் அது தீரும். உலாவி பதிலாள் சேவையகமொன்றின் வழியே செல்லுமாயின் பெயரைத் தேடுவது அச்சேவையகமேயாதலால் எம் கோப்புக்கு அங்கு அலுவலில்லை. பட்டியலின் இயல்பான குறையும் ஒன்றுண்டு: 'ஹோஸ்ற்ஸ்' கோப்பு ஒரு பெயரின் கீழுள்ள கிளைப்பெயர்கள் யாவற்றையும் ஒரே வரியில் அடக்கமாட்டாது, ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதவேண்டும். மர அமைப்புத் தோன்றுவதற்கு முந்திய காலத்தின் குழந்தை அது. சைமன் கெலி எழுதிய 'டிஎன்எஸ்மாஸ்க்' போன்ற சிறு பெயர்ச் சேவையகத்தை அதே கணினியில் இயக்கினால் ஒரு வரியால் முழுக்கிளையையும் மறுக்கலாம். அப்போதோ, இணைப்பு ஏற்படுந்தோறும் வலையமைப்பு தரும் பெயர்ச் சேவையகத்தின் முகவரி அமைப்புக் கோப்பிலே மீள எழுதப்பட்டு, இச்சிறு சேவையகம் புறக்கணிக்கப்படுதல் கூடும்.

இவையெல்லாம் திருத்தத்தக்கவை. திருத்தமுடியாதவை வேறு. விளம்பரம் விற்பவரும் பக்கத்தை வெளியிடுபவரும் ஒருவரேயாயின் மறுப்பதற்குத் தனிப் பெயர் இராது. யூரியூப்பில் விளம்பரமும் காணொளியும் ஒரே சேவையகத் தொகுதியிலிருந்து வருவதால், பெயரைத் தடுத்தால் இரண்டும் போகும். பெருநிறுவனங்கள் தாமே வெளியீட்டாளராகவும் விளம்பர முகவராகவும் வளர்ந்த அளவுக்குப் பட்டியலின் வலு குன்றியது. சிறிய வெளியீட்டாளர் பலர் விளம்பர வருவாயை இழக்க, பெரியவரின் விளம்பரம் தப்பிவிடும் இந்நிலை தடைசெய்வோர் விரும்பியதன்று. ஆயின் விளைவு அதுவே. 2019 இல் பிரெஞ்சு நாளிதழ் ஒன்றின் தளத்தை முன்னிட்டுப் பரவலாக அறியவந்த இன்னொரு தந்திரத்தில், கண்காணிப்பு நிறுவனத்தின் சேவையகத்துக்கு அத்தளத்தின் கிளைப்பெயரே மாற்றுப் பெயராகச் சூட்டப்பட்டது. தளந்தோறும் பெயர் மாறுமாதலால் கையாற் தொகுக்கும் பட்டியல் அதனோடு ஓடிச் சலிக்கும்.

2018 ஒக்டோபரில் வரையறுக்கப்பட்ட நடப்பொழுங்கொன்று வழக்கை மேலும் சிக்கலாக்கிற்று. அதன்படி உலாவி தன் பெயர் வினாக்களை மறைகுறியிட்டுத் தான் தெரிந்த தொலைச் சேவையகத்துக்கு நேரே அனுப்பலாம். வழியில் நின்று ஒட்டுக்கேட்போரிடமிருந்தும் அரசுகளின் தணிக்கையிலிருந்தும் இது பாவனையாளரைக் காக்கும் என்றனர். அதில் உண்மை உண்டு. ஆயின் வீட்டுக்காரர் தம் வீட்டிலே வைத்த பெயர்ச் சேவையகத்தையும் அது ஒட்டுக்கேட்பவராகவே நடத்துகின்றது. 2020 பெப்ரவரியில் பயர்பொக்ஸ் அமெரிக்கப் பாவனையாளருக்கு இதனை இயல்புநிலையாக்கத் தொடங்கியபோது எழுந்த விவாதத்தில் இரு சாராரும் பேசியது தனியுரிமை பற்றியே. பாவனையாளரின் சார்பில் முடிவெடுக்கும் உரிமை பணிசெயல் முறைமையிலிருந்து உலாவி நிறுவனத்துக்குப் பெயர்ந்ததைப் பற்றிக் குறைவாகவே பேசப்பட்டதாக எனக்குத் தோன்றுகின்றது. 'ஹோஸ்ற்ஸ்' கோப்பில் எழுதப்பட்ட பெயர்களுக்கு பயர்பொக்ஸ் பின்னர் விலக்களித்தது. கோப்பின் பழைய முன்னுரிமை அங்கே நிலைத்திருப்பது இவ்விலக்கினால்தான். ஒரு காலத்தில் முறைமையின் ஒழுங்காயிருந்தது இப்போது உலாவி வழங்கும் சலுகையாயுள்ளது.

பட்டியல் தொகுப்போரையும் கேள்விக்கு அப்பாற்பட்டவராகக் கொள்ளமுடியாது. எந்தப் பெயர் விளம்பரம், எது அன்று என்பதை முடிவுசெய்பவர் அவரே. தவறாகச் சேர்க்கப்பட்ட தளத்துக்கு அவரிடம் முறையிடுவதன்றி வேறு வழியில்லை. உலாவிவழித் தடையின் கதை இதனைத் தெளிவாக்கும். அட்பிளொக் பிளஸ் என்னும் நிரல் 2011 இல் 'ஏற்கத்தக்க விளம்பரங்கள்' என ஒரு வகையை ஏற்படுத்தி அவற்றை இயல்பாகவே அனுமதிக்கத் தொடங்கியது. பெருநிறுவனங்கள் சில அப்பட்டியலில் இடம்பெறப் பணம் செலுத்தின. ஸ்ரான்போட் அலுவலகத்தின் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பதற்கு எவரும் பணம் கேட்கவில்லை.