தோல் டிரம்மில் ஒரு வேளாண் நஞ்சு

குரோமில் பதனிட்ட தோல் டிரம்மை விட்டு வரும்போது ஈரம் சொட்ட, வெளிர்நீலமாக இருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முழுக்க அதற்கு 'வெட் புளூ' என்று பெயர். மழைக்காலத்தில் அடுக்கி வைத்தால் சில நாள்களில் பூசணம் படரும். கரும்புள்ளி விழுந்த தோலுக்கு எந்தச் சாயம் ஏற்றினாலும் கறை தெரியும், விலை படியாது. ஆகவே பதனிடும்போதே டிரம்மில் பூசணக்கொல்லி ஊற்றுவது தொழில் வழக்கம். நெடுங்காலம் அந்த வேலையைப் பார்த்தது பென்டாகுளோரோபீனால், சுருக்கமாகப் பிசிபி.

டேனரியில் அது வெறும் கெமிக்கல். சட்டத்தின் கணக்கிலோ பூச்சிக்கொல்லி. 1958இல் கப்பலில் உணவுப்பொருளோடு ஏற்றிவந்த பாரத்தியான் கசிந்து, கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்தத் துயரத்தின் விளைவுகளுள் ஒன்று 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். பூச்சியை மட்டுமன்றிப் பூஞ்சையையும் களையையும் கொல்லும் மருந்துகளும் அதற்குள் அடக்கம். சட்டத்தை நடத்துவது வேளாண் அமைச்சகம். ஆனால் மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் தலைவர் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநர். மருந்துக் கட்டுப்பாடு, தொழிற்சாலைப் பாதுகாப்பு, கப்பல், ரயில்வே எனப் பல துறையினருக்கும் அதில் இடம் உண்டு. தோல் தொழிலுக்கென்று தனி நாற்காலி இல்லை. பதனிடுவோர் குரல் அங்கே எட்ட ஒரே வழி, அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகத்துக்கு ஒதுக்கிய ஓரிடம்தான்.

இந்த அலுவலகங்களை நெருங்கி வரவைத்தது வெளிநாட்டுச் சட்டம் ஒன்று. 1989 டிசம்பரில் ஜெர்மனி பிசிபியைத் தடை செய்தது. பொருளில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது; அதாவது ஒரு டன் தோலில் ஐந்து கிராம். ஷூவும் ஷூவின் மேற்பாகமும் ஜெர்மனிக்கு அனுப்பிவந்த நம் வட்டாரத்துக்கு அது வாழ்வா சாவா என்ற கேள்வி. ஒரு தொழிற்சாலை நிறுத்தினால் போதாது. பிசிபி ஊறிய பழைய டிரம்மும் மரத்தட்டும்கூடப் புதுத் தோலைக் கெடுக்கும்.

அப்போது கைகொடுத்தவை இரண்டு நிறுவனங்கள்: அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின்கீழ் 1948இல் அடையாறில் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், 1984இல் உருவான தோல் ஏற்றுமதிக் கழகம். தோலைப் பொடித்துண்டுகளாக நறுக்கி, நீராவியில் பிசிபியை வடித்தெடுத்து, வாயு நிறப்பிரிகைக் கருவியில் அளக்கும் சோதனை ஏற்றுமதியாளரின் அன்றாடமானது. டிசிஎம்டிபி போன்ற மாற்றுக் கொல்லிகள் டிரம்முக்கு வந்தன. வேளாண் அமைச்சகத்தின் பட்டியலில் பிசிபிக்கு உற்பத்தி, இறக்குமதி, பயன்பாடு மூன்றும் தடை. 2015இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையும் அதைச் சேர்த்துக்கொண்டது. வேளாண்மை, வணிகம், அறிவியல் ஆகிய துறைகளின் கோப்புகள் வெவ்வேறு. மூன்றும் ஒப்புக்கொண்ட ஒரே காகிதம் அந்தச் சோதனை அறிக்கை.

அதே ஆண்டுகளில் பாலாற்றங்கரையில் வேறொரு கணக்கு தேங்கிக் கிடந்தது. தோல் கழிவுநீர் பாய்ந்து ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாகத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டறிந்தது. நிலத்தை அளந்தது வேளாண் துறை சார்ந்த மையம். கழிவுநீரைக் கண்காணிக்க வேண்டியது 1982இல் அமைந்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். இரண்டையும் சேர்த்துப் படிக்க உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில், நீதிபதி குல்தீப் சிங் அமர்வு 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. தனி ஆணையம் அமைந்தது. 2001இல் அது 29,000க்கும் மேற்பட்டோருக்கு இழப்பீடு நிர்ணயித்தது. எனினும் பிரச்சினை தீரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் அரசுச் செயலர்களும் வல்லுநர்களும் பாதிக்கப்பட்டோர் பிரதிநிதிகளும் அடங்கிய குழுவை அமைக்கப் பணித்தது.

ஒரே வட்டாரம்தான். ஜெர்மன்காரர் காலில் ஏறும் ஷூவுக்கு ஓர் அளவு இருந்தது, அளக்க ஓர் ஆய்வகம் இருந்தது, தவறினால் சரக்கு திரும்பிவிடும் என்ற அச்சமும் இருந்தது. நம் ஊர்க் கிணற்றுக்கு இவை மூன்றும் ஒருசேர வாய்க்கவில்லை. துறைகள் ஒருங்கிணைவது கூட்டம் போடுவதால் அல்ல. எந்த அளவு, யார் அளப்பது, மீறினால் என்ன இழப்பு என்ற மூன்றும் எல்லா அலுவலகத்துக்கும் ஒன்றாக இருக்கும்போதே அது நடக்கிறது. பிசிபியில் கற்ற இந்தப் பாடத்தை மண்ணுக்கும் நீருக்கும் கொண்டுவருவதே நம் நிறுவனங்களின் அடுத்த வேலை. வேளாண் துறையின் மண் அறிக்கையும் வாரியத்தின் கழிவுநீர் அறிக்கையும் ஆட்சியர் மேசையில் ஒரே கோப்பாகட்டும். அதைப் பார்க்கும் உரிமை உழவருக்கும் இருக்கட்டும்.