தொட்டிலும் குலமும்: அமெரிக்க ஆதிக்குடிகளின் உளநல வரலாறு

மனித உளநலத்தின் அத்திவாரம் மழலைப் பருவத்திலேயே இடப்படுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆதிக்குடிகள் இவ்வுண்மையைப் பேரிழப்பின் வாயிலாக அறிந்தனர். 1879 இல் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்னும் படை அதிகாரி பென்சில்வேனியாவின் கார்லைல் நகரில் நிறுவிய விடுதிப் பாடசாலை, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்தும் தாய்மொழியிலிருந்தும் பிரித்து 'நாகரிகப்படுத்த' முனைந்தது. அது 1918 இல் மூடப்பட்டதாயினும், அதனை முன்மாதிரியாகக் கொண்டவை தொடர்ந்து இயங்கின. பிள்ளை வளர்ப்பு ஏட்டிற் பயிலும் கலையன்று. தான் வளர்க்கப்பட்ட முறையிலிருந்தே ஒருவர் அதனைக் கற்கிறார். எனவே, விடுதியில் வளர்ந்தோர் பெற்றோரானபோது அவ்விழப்பு அடுத்த தலைமுறையையும் பற்றியது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இப்பிரிப்பு வேறு வடிவம் பெற்றது. சிறுவர் நல அலுவலரும் தத்தெடுப்பு நிறுவனங்களும் விடுதியின் இடத்தைப் பிடித்தனர். வறுமையும், பாட்டியிடம் பிள்ளையை விட்டு வளர்க்கும் மரபுங்கூடப் 'புறக்கணிப்பு' எனக் கொள்ளப்பட்டன. 1969, 1974 ஆம் ஆண்டுகளின் ஆய்வுகள், ஆதிக்குடிப் பிள்ளைகளுள் நூற்றுக்கு 25 முதல் 35 பேர் வரை குடும்பத்தினின்று பிரிக்கப்பட்டிருந்தமையைக் காட்டின. 1978 இல் இயற்றப்பட்ட இந்தியச் சிறுவர் நலச் சட்டம், இத்தகைய வழக்குகளில் இனக்குழுவின் அதிகாரத்தை ஏற்றது. 2023 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றமும் அச்சட்டத்தை நிலைநிறுத்தியது.

சட்டம் பிள்ளையை வீட்டில் இருத்தலாம். வீட்டின் காயத்தை ஆற்ற வேறு வழி வேண்டும். இங்குதான் கூட்டுப்பணி முக்கியத்துவம் பெறுகின்றது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகமும் நவஹோ, அப்பாச்சி மக்களும் இணைந்து உருவாக்கிய 'குடும்ப ஆன்மா' என்னுந் திட்டத்தில், அச்சமூகப் பெண்களே பயிற்சிபெற்று, கருவுற்ற காலந்தொட்டுக் குழந்தைக்கு மூன்று வயதாகும்வரை இளந்தாயரின் இல்லஞ்சென்று துணைநின்றனர். நான்கு சமூகங்களைச் சேர்ந்த 322 இளந்தாயரிடையே நிகழ்ந்த ஆய்வின் முடிவு 2015 இல் வெளியாயிற்று. இத்துணையைப் பெற்ற தாயரிடம் மனச்சோர்வும், அவர்தம் பிள்ளைகளிடம் உள, நடத்தைச் சிக்கல்களும் ஏனையோரிலும் குறைந்து காணப்பட்டன.

இளைஞரைப் பொறுத்தும் இக்கூட்டுறவு பயன் தந்தது. தற்கொலை முயற்சிகள் யாவும் அறிவிக்கப்படல் வேண்டுமென வெண்மலை அப்பாச்சி மக்களின் மன்றம் 2001 இல் விதித்தது. அறிவிக்கப்பட்டோரை அவ்வினத்துப் பணியாளரே தேடிச் சென்றனர்; முதியோர் பாடசாலைகளில் குலமரபைக் கற்பித்தனர். 2001–2006 காலப்பகுதியோடு ஒப்பிடுகையில், அடுத்த ஆறாண்டுகளில் தற்கொலை மரண வீதம் நூற்றுக்கு 38 அளவில் வீழ்ந்தது.

கார்லைல் பாடசாலையும் பிள்ளைகளின் நலன் பற்றியே பேசியது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஆயின், அங்கு குலத்தின் இசைவு பொருட்படுத்தப்படவில்லை. அப்பாச்சி நிலத்திலோ பல்கலைக்கழக அறிவு குலத்தின் ஆணைக்குட்பட்டு, குலத்துப் பெண்ணின் கைவழியே வீட்டினுள் நுழைந்தது. கூட்டுப்பணி என்னுஞ் சொல்லின் பொருளை இவ்வேறுபாடே நிர்ணயிக்கின்றது எனலாம்.