படுத்து எரிந்த நெருப்பு

நெருப்பு எப்படி எரியும் என்று ஒரு குழந்தையைக் கேட்டுப் பாருங்கள். விரலை உயர்த்தி ஆகாயத்தைக் காட்டும். பந்தத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஜுவாலை மேல் நோக்கித்தான் எழும் என்பதை, மானமுள்ள மனிதனுக்கு உவமையாகப் பழைய நீதி நூல்கள் சொல்லி வைத்திருக்கின்றன. அடுப்பு மூட்டத் தெரிந்த எவரும் இதை மறுக்க மாட்டார். ஆனால் இந்தப் பழைய உண்மைக்கு லண்டன் நகரத்தில் ஒரு சோதனை வந்தது. அந்தச் சோதனையில் 31 உயிர்கள் போயின.

1987-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் தேதி, புதன்கிழமை. மாலை ஏழரை மணி. கிங்ஸ் கிராஸ் என்ற சுரங்க ரயில் நிலையத்தில் அலுவலகம் விட்டு வீடு திரும்பும் கூட்டம். பிக்காடிலி பாதையிலிருந்து டிக்கெட் கூடத்துக்கு ஏறி வரும் நகரும் படிக்கட்டின் அடியில் தீ தெரிவதாகப் பயணி ஒருவர் வந்து சொன்னார். அது மரத்தாலான பழைய படிக்கட்டு. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னால் பொருத்தியது.

நிலையங்களில் புகை பிடிப்பதை 1985-லேயே தடை செய்துவிட்டார்கள். என்ன பயன்? வெளியே போகும் அவசரத்தில், படிக்கட்டில் ஏறும்போதே சிகரெட்டைப் பற்ற வைப்பது பலருக்கு வழக்கம். அப்படி யாரோ வீசிய தீக்குச்சி, படிகளுக்கும் பக்கச் சட்டத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியில் விழுந்தது. அடியில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த மசகெண்ணெயும், தூசியும், நூலும், காகிதத் துணுக்கும் அதற்காகவே காத்திருந்தவை போல் கிடந்தன.

தீயணைப்பு வீரர்கள் 7.42-க்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு பெரிய அட்டைப் பெட்டி அளவுக்குத்தான் தீ இருந்தது. பயப்பட என்ன இருக்கிறது? கீழே இருந்த பயணிகளைப் போலீஸார் பக்கத்து விக்டோரியா பாதைப் படிக்கட்டு வழியாக மேலே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படிக்கட்டும் அதே டிக்கெட் கூடத்தில்தான் போய் முடிந்தது. மேலே போனால் பிழைக்கலாம் என்பதுதானே எல்லோரும் அறிந்த விதி?

7.45 ஆயிற்று. படிக்கட்டுக் குகையிலிருந்து நெருப்பு பீறிட்டுக் கொண்டு வந்து டிக்கெட் கூடத்தை நிரப்பியது. கணப் பொழுதில் கூடம் முழுவதும் கரும்புகையும் அனலும். தீயணைப்பு அதிகாரி கோலின் டவுன்ஸ்லியின் உடல், எரிந்து போன ஒரு பயணியின் அருகே கிடந்தது. அந்தப் பெண்ணுக்கு உதவி செய்ய நின்றதால்தான் அவர் தப்பவில்லை என்று கருதினார்கள். விதியின் விசித்திரத்தைப் பாருங்கள்: கீழே அகப்பட்டுக்கொண்ட நூற்றுக்கணக்கான பேர் ரயிலில் ஏறித் தப்பினார்கள், மேலே ஏறி வந்தவர்களில் பலர் மாண்டார்கள்.

அட்டைப் பெட்டி அளவுத் தீ மூன்றே நிமிஷத்தில் பூதமானது எப்படி? டெஸ்மண்ட் ஃபென்னல் என்ற வழக்கறிஞரின் தலைமையில் விசாரணை நடந்தது. கூரையில் பூசியிருந்த வர்ணத்தின் மேல் முதலில் சந்தேகம் விழுந்தது. அந்த வேளையில்தான் ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்தாரிடம் ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டது. படிக்கட்டுக் குகையைக் கணிப்பொறிக்குள் கட்டினார்கள். அதாவது, அந்த வெளியைச் சின்னஞ்சிறு கட்டங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் காற்று எந்தத் திசையில், எந்த வேகத்தில் போகிறது, எவ்வளவு வெப்பம் ஏறுகிறது என்று கணக்கிடச் செய்தார்கள். அதற்கான சமன்பாடுகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே நாவியே, ஸ்டோக்ஸ் என்ற இரு அறிஞர்கள் வகுத்தவை. மனிதன் உட்கார்ந்து போட்டால் ஆயுள் போதாத கணக்கு அது.

கணக்கு முடிந்தது. விடையைக் கண்டவர்கள் திகைத்தார்கள். ஜுவாலை மேலே எழவில்லை! முப்பது டிகிரிச் சரிவில் படிகளோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு, பாம்பு ஊர்வதைப் போல் மேலே ஏறியது. இது நடக்கிற காரியமா? கணிப்பொறியில்தான் எங்கோ பிழை என்று நினைத்தவர்கள் உண்டு. நாமாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

ஆனால் அவர்கள் நினைத்ததோடு நிற்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு அளவில் ஒரு படிக்கட்டைக் கட்டி, அதற்குத் தீ வைத்துப் பார்த்தார்கள். ஏழரை நிமிஷம் நெருப்பு சாதாரணமாக எரிந்தது. பிறகு, கணிப்பொறி சொன்னபடியே, படுத்தது! இரு பக்கச் சுவர்களும் அகழியின் கரைகளைப் போல் அனலை வெளியே விடாமல் அடக்கின; முன்னால் இருந்த மரப்படிகள் காய்ந்து வெந்து வாயுவைக் கக்கின; எல்லாம் ஒருங்கே பற்றிக்கொள்ள, நெருப்பு பீரங்கிக் குழாயிலிருந்து வருவது போல் கூடத்துக்குள் பாய்ந்தது. இதற்கு 'அகழி விளைவு' என்று பெயரிட்டார்கள்.

இந்தக் கதையில் இரண்டு அவநம்பிக்கைகள் இருக்கின்றன. ஒன்று, கணிப்பொறியிடம் விஞ்ஞானிகளுக்கு ஏற்பட்டது. மற்றொன்று மிகப் பழையது. அதற்கு முன் சுரங்க ரயிலின் படிக்கட்டுகளில் எத்தனையோ முறை தீப்பிடித்திருக்கிறது. ஆனால் நிர்வாகத்தின் அகராதியில் அதற்குத் 'தீ' என்று பெயரில்லை; 'புகைச்சல்' என்றே பெயர்! எந்தப் புகைச்சலிலும் யாரும் சாகவில்லை. ஆகவே இனியும் சாக மாட்டார்கள் என்று இருந்துவிட்டார்கள். எரிந்த படிக்கட்டின் அடியைச் சோதித்தபோது, பல இடங்களில் மரம் கருகிக் கிடந்தது. பல முறை நெருப்பு வந்து கதவைத் தட்டிவிட்டுத் தானாகவே திரும்பிப் போயிருக்கிறது!

விஞ்ஞானிகளும் நம்பவில்லை, நிர்வாகிகளும் நம்பவில்லை. வித்தியாசம் என்ன? முன்னவர்கள் தங்கள் அவநம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தார்கள். பின்னவர்கள் அதைத் தலையணையாக வைத்துக்கொண்டு உறங்கினார்கள்.

1988 நவம்பரில் வெளிவந்த ஃபென்னல் அறிக்கை 157 யோசனைகளைச் சொல்லிற்று. மரப்படிக்கட்டுகள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. கிரீன்ஃபோர்டு நிலையத்தில் இருந்த கடைசிப் படிக்கட்டு 2014-ல் போயிற்று. கட்டடத் தீயைக் கணக்கிட்டுக் காட்டும் ஒரு நிரலை, அமெரிக்க அரசின் தரநிர்ணய நிலையம் 2000-ஆம் ஆண்டில் எல்லோருக்கும் இலவசமாகவே கொடுத்தது. நெருப்பை மட்டுமா? மனிதர்களையும் இன்று கணிப்பொறிக்குள் நடக்க விட்டுப் பார்க்கிறார்கள். எத்தனை பேர், கதவின் அகலம் எவ்வளவு, புகையில் நடை எவ்வளவு தளரும், அபாய மணி கேட்டபின் கிளம்ப எவ்வளவு நேரம் தயங்குவார்கள் என்றெல்லாம் கணக்கு உண்டு. ஆபத்தில் மனிதன் பெரும்பாலும் தான் வந்த வழியையே தேடி ஓடுவான், பக்கத்திலுள்ள வேறு வாசலைப் பார்க்க மாட்டான் என்பதும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது.

நல்லதுதான். ஆனால் அந்தப் படிக்கட்டின் அடியைக் கூட்டிப் பெருக்குவதற்கு எந்தச் சமன்பாடும் தேவைப்படவில்லை. ஒரு துடைப்பமும், 'புகைச்சல்' என்பதைத் 'தீ' என்று சொல்லும் துணிவும் போதுமாயிருந்தன.