எண்ணத்தின் வேகம் அளக்கப்பட்ட வரலாறு

வாயுவேகம், மனோவேகம் என்பன நம் கதைகளில் அடிக்கடி வரும் சொற்கள். காற்றினும் விரைந்தது மனம், அதன் ஓட்டத்தை அளக்க எந்தக் கோலும் இல்லை என்பதே அவற்றின் கருத்தாகும். எழுத்தொலியின் மாத்திரையை வகுக்க வந்த தொல்காப்பியரும் கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையுமே அளவாகக் கொண்டார். அவற்றினும் நுண்ணிய காலத்தை அளக்கும் கருவியோ தேவையோ அன்று எழவில்லை. மனத்தின் வேகமும் அளக்கத்தக்கதே என்னும் உண்மை பின்னர் வெளிப்பட்டபோது, அதற்கு வழிவகுத்தது ஓர் இளைஞன் தன் வேலையை இழந்த நிகழ்ச்சியாகும்.

இங்கிலாந்தின் கிறீனிச் வானாய்வுக் கூடத்தில் நெவில் மஸ்கெலின் என்பவர் அரச வானியலாளராக விளங்கினார். விண்மீன்கள் உச்சிவட்டத்தைக் கடக்கும் நேரத்தைக் குறிப்பது அங்கு நாள்தோறும் நடைபெற்ற பணி. கப்பல்கள் கடலில் தம் இடத்தை அறிவதற்கு இக்கணிப்புகள் இன்றியமையாதனவாயிருந்தன. நோக்குபவர் முதலிற் கடிகாரத்தைப் பார்த்துச் செக்கனைக் குறித்துக்கொள்வார். பின்னர்த் தொலைகாட்டியிற் கண்ணை வைத்துக் கடிகாரத்தின் ஒலியைக் காதால் எண்ணுவார். தொலைகாட்டியினுள்ளே கட்டிய மெல்லிய கம்பியை விண்மீன் தாண்டும் கணத்தைச் செக்கனின் பத்திலொரு பங்குவரை மதித்துரைத்தல் வேண்டும்.

1794ஆம் ஆண்டில் டேவிட் கினபுரூக் என்னும் இளைஞர் அங்கு உதவியாளராகச் சேர்ந்தார். தொடக்கத்தில் அவருடைய கணிப்புகள் மஸ்கெலினின் கணிப்புகளோடு நன்கு ஒத்திருந்தன. 1795 ஆகஸ்டு மாதத்தில் அவை அரைச் செக்கன் பிந்தலாயின. தவறு சுட்டிக்காட்டப்பட்டபோதிலும், அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் வேறுபாடு செக்கனின் பத்தில் எட்டுப் பங்காக வளர்ந்தது. இது சிறியதன்றோ எனலாம். ஆயின் பூமி சுழலும் வேகத்தை நோக்கின், அச்சிறுபொழுது நிலநடுக்கோட்டில் ஏறக்குறைய 370 மீற்றர் தூரத்துக்குச் சமமாகும். கினபுரூக் ஒழுங்கற்ற முறையொன்றைக் கைக்கொண்டுவிட்டார் என முடிவுசெய்த மஸ்கெலின், 1796இல் மனமின்றியே அவரை வேலையிலிருந்து நீக்கினார். கினபுரூக் தம் ஊராகிய நொறிச்சுக்குத் திரும்பி, 1802இல், முப்பது வயதளவிற் காலமானார்.

மஸ்கெலின் கொடியவர் அல்லர். நடந்ததை மறைக்காது தம் கூடத்தின் பதிவேட்டில் அச்சிட்டவரும் அவரே. ஆனால் இருவர் கணிப்பு வேறுபடும்போது பிழை எவருடையது, அது பிழைதானா என்னும் வினா அவருக்குத் தோன்றவில்லை.

அவ்வினாவை எழுப்பியவர் கொனிக்ஸ்பேர்க் நகரத்து வானியலாளர் பெசல். கிறீனிச்சின் வரலாற்றை விரித்த ஜேர்மன் கட்டுரையொன்று 1816இல் வெளிவந்தது. அதன் வாயிலாக அவர் இந்நிகழ்ச்சியை அறிந்தார். தன் பிழைப்பே ஊசலாடுவதை உணர்ந்த ஒருவர் மாதக்கணக்காக முயன்றும் திருத்த இயலாத வேறுபாடு வெறும் கவனக்குறைவாக இருத்தல் கூடுமோ என அவர் ஐயுற்றார். தம்மையே தராசில் இட்டுப் பார்க்கத் துணிந்தார். வால்பெக் என்பவரோடு ஒரே விண்மீன்களை நோக்கியபோது இருவரிடையேயும் ஒரு செக்கனுக்குச் சற்று மேற்பட்ட வேறுபாடு காணப்பட்டது. 1823இல் ஆர்கலாண்டர் என்னும் பேரறிஞரோடு ஒப்பிட்டபோது அது 1.2 செக்கனாயிற்று. கினபுரூக்கைத் தண்டித்த வேறுபாட்டினும் பெரிய வேறுபாடு தேர்ந்த வானியலாளரிடையே நிலவியது! இதற்கு வானியலார் ‘தனியாள் சமன்பாடு’ எனப் பெயரிட்டுக் கணக்கிற் சேர்த்துக்கொண்டனர்.

இவ்வேறுபாடு எங்கிருந்து பிறக்கின்றது? நரம்பின் ஓட்டத்தை அளத்தல் இயலாதென்றே யோகான் முல்லர் போன்ற உடலியலறிஞர் கருதியிருந்தனர். அவருடைய மாணவரான ஹெல்ம்ஹோல்ற்ஸ், அதே கொனிக்ஸ்பேர்க்கில் 1850இல் தவளையின் நரம்பைக்கொண்டு அதனை அளந்துகாட்டினார். செக்கனுக்கு ஏறக்குறைய 27 மீற்றர் என்பதே விடை. ஒளியோடும் ஒலியோடும் ஒப்பிடின் இது மிக மெதுவான நடையேயாகும்.

1861இல் வில்ஹெல்ம் வுண்ட் மற்றொன்றை உணர்ந்தார். ஊசலின் நிலையைக் கண்ணாலும் மணியொலியைக் காதாலும் ஒரே கணத்திற் பற்றுதல் மனத்துக்கு இயலவில்லை. கவனம் ஒன்றினின்று மற்றொன்றுக்குச் செல்லக் காலம் வேண்டியிருந்தது. கினபுரூக்கின் கண்ணுக்கும் காதுக்கும் இடையே நிகழ்ந்ததற்கும் இதிலேயே விளக்கம் கிட்டியது.

நெதர்லாந்தின் யூற்றெக்ட் நகரத்து டொண்டர்ஸ் இன்னும் ஒருபடி சென்றார். காலில் மின்னதிர்ச்சி பட்டதும் அப்பக்கத்துக் கையை அசைக்குமாறு ஒருவரைப் பணித்தார். எக்காலிற் படும் என்பதை முன்னரே அறிந்திருந்தபோது எடுத்த நேரத்தினும், அறியாதிருந்தபோது ஏறக்குறைய பதினைந்திலொரு பங்கு செக்கன் மிகுதியாயிற்று. அம்மிகுதி, தெரிந்து தேர்தலாகிய மனத்தொழிலுக்குரிய காலம் என 1868இல் அவர் எழுதினார். 1879இல் வுண்ட் லைப்சிக் நகரில் நிறுவிய உளநூல் ஆய்வுகூடத்தில் எதிர்வினை நேரமே முதன்மையான ஆய்வுப்பொருள்களுள் ஒன்றாயிற்று. தேர்தலைச் சேர்த்தால் முழுச் செயலுமே மாறிவிடும், ஆதலால் எளிதிற் கழித்துப் பார்த்தல் தகாது எனப் பின்வந்தோர் தடை கூறினர். 1952இல் ஹிக் என்னும் ஆங்கில அறிஞர், தெரிவுகளின் தொகை இரட்டிக்குந்தோறும் நேரம் ஏறக்குறைய ஒரே அளவால் மிகும் என நிறுவினார்.

இவ்வறிவு இன்று தெருவிலும் விளையாட்டிடத்திலும் பயன்படுகின்றது. ஒளி தோன்றியவுடன் விரலை அசைக்க நம்மிற் பலருக்குச் செக்கனின் ஐந்திலொரு பங்களவு செல்லும்; ஒலிக்கு அதனினும் சற்றுக் குறைவு. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடிவிடும். களைப்பும் மதுவும் சிதறிய கவனமும் சாரதியின் எதிர்வினையைப் பிந்தச்செய்யுமாதலால், தெருவைக் கடக்கும் குழந்தையின் உயிர் அச்சிறு பொழுதிலே தங்கியிருக்கின்றது.

கினபுரூக்குக்குத் தண்டனை முந்திற்று, விளக்கம் பிந்திற்று. பெசலின் ஆய்வு தொடங்குமுன்னரே அவர் மறைந்துவிட்டார். வகுப்பறையில் விடைகூறத் தாமதிக்கும் பிள்ளையையும், பணியிடத்தில் ஒரு கணம் பிந்தும் ஊழியனையும் சோம்பேறி எனச் சினந்துரைக்க எழும்போது அந்த இளைஞரின் வரலாறு நினைக்கத்தக்கது. பிறரை அளக்குமுன் தம் அளவுகோலையே அளந்து பார்த்தவர் பெசல். அறிவியலுக்கு அவர் அளித்த கொடைகளுள் இதுவும் சிறியதன்று.