வெருகும் வீட்டுக்கோழியும்

தமிழகச் சிற்றூர்களில் கோழி வளர்ப்போர் அதிகம் அஞ்சும் வேளை அந்தி. பகலெல்லாம் குப்பையைக் கிளறித் திரிந்த கோழிகள் அடையத் திரும்பும் நேரமும், காட்டுப்பூனை இரைதேடிப் புறப்படும் நேரமும் ஒன்றே. இவ்வச்சம் குறித்த பழைய சான்றுகள் சங்கப் பாடல்களிலேயே உள்ளன.

அப்பாடல்களில் இவ்விலங்கு வெருகு எனப்படுகிறது. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய குறுந்தொகை 139-இல், மாலையில் வேலியோரம் வெருகினம் வந்ததென அஞ்சும் பேடை, புகுமிடம் அறியாமல் திரண்ட குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. ஊரார் பேசும் அம்பலுக்கு அந்தக் கூக்குரல் உவமையாகிறது. குறுந்தொகை 107-இல், விடியலில் கூவித் துயில் கலைத்த சேவலை வெருகுக்கு இரையாகும்படி தலைவி சபிக்கிறாள். அன்றாடம் கண்ட இழப்பாக இல்லாவிட்டால் அது சாபமாக நாவில் வந்திருக்காது.

மூன்றில் நுட்பமானது புறநானூறு 326. தங்கால் பொற்கொல்லனார் பாடியது. ஊர் வேலியில் உலவும் வெருகுக்கு நடுங்கி இளம்பேடை இரவில் அலறுகிறது. பஞ்சிலுள்ள தூசையும் செத்தையையும் புடைக்க எழுந்த பருத்திப் பெண்டு ஏற்றிய சிறுவிளக்கின் ஒளியில் சேவலைக் கண்டபின் பேடை அமைதியடைகிறது. விளக்கொளி எட்டும் தொலைவில், வீட்டை ஒட்டியே கோழிகள் அடைந்தன என்பது இதனால் விளங்கும். ஆனால் இம்மூன்று பாடல்களிலும் கூடு பற்றிய பேச்சே இல்லை. காவலாக இருந்தவை மனிதர் நடமாட்டமும் வெளிச்சமும்தான்.

பிற்கால ஊர்ப்புற வாழ்வில் காவலுக்கென்றே கருவிகள் வழங்கின. மூங்கில் சிம்புகளால் முடைந்த பஞ்சாரம் அவற்றில் முதன்மையானது. தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் அதனால் கவிழ்த்து மூடி, மேலே கல்லை வைப்பர். பகலில் பருந்து, காகம் ஆகியவற்றுக்கு அது போதும். இரவில் போதாது, கல் சரிந்தால் கூடையும் சாயும். எனவே திண்ணையின் அடியிலோ சுவரோரத்திலோ மண்ணால் கட்டிய சிறு கூட்டுக்குள் கோழிகளை அடைத்து, வாயிலைப் பலகையால் மூடினர். கீரி மண்ணைத் தோண்டிப் புகும் என்பதால் அடித்தளம் கெட்டியாக இருக்க வேண்டும்.

அடைப்பதும் எண்ணிப் பார்ப்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை. முட்டையும் குஞ்சும் விற்ற காசு அவர்களது சிறுவாட்டில் சேர்ந்தது. கூட்டை மூட மறந்த ஓர் இரவில் போவது அந்தச் சேமிப்புதான். ஒரே இரவில் பல கோழிகளைக் கொன்றுவிட்டு ஒன்றை மட்டும் தூக்கிச் செல்லும் விலங்குகளும் உண்டு.

கண்ணி வைத்தும் நாயை ஏவியும் இவ்விலங்குகளைக் கொல்வது முன்பு ஊர் வழக்கம். காட்டுப்பூனையும் கீரியும் இன்று 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் காக்கப்படுபவை. அவற்றைக் கொல்வது குற்றம். வயல் எலிகளை உண்பதால் உழவருக்கு அவை உதவியும் செய்கின்றன. வெருகு எலி பார்க்கும் செய்தி அந்தச் சாபப் பாடலிலேயே உண்டு. கொல்லும் வழி அடைபட்டபின் எஞ்சியது அடைக்கும் வழியே. மண்கூடு இருந்த இடத்தில் இப்போது பல வீடுகளில் கம்பிவலைக் கூண்டு நிற்கிறது. வலையின் அடிப்பகுதியை மண்ணுக்குள் புதைத்து வைக்கின்றனர். கதவை மட்டும் அந்திக்குள் யாராவது சாத்த வேண்டியிருக்கிறது.