பட்டாளத்துக்காரரின் நினைவும் நம் வரலாறும்



போர்களின் வரலாற்றைத் தளபதிகள் எழுதினார்கள். அவர்களிடம் நாட்குறிப்பு இருந்தது, ஓய்வும் இருந்தது. சேரியிலிருந்து போன சிப்பாயிடம் இருந்தது நினைவு மட்டுமே. அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம் தகரப்பெட்டியில் கிடந்தது. மெடல் பேரப்பிள்ளைகளின் கையில் தேய்ந்தது. அவர் வாயைத் திறந்தால் ‘பட்டாளத்துக் கதை’ என்று ஊர் சிரித்தது. அந்த நினைவை வரலாற்றுச் சான்றாக வைத்துப் பேசவே இன்று கூடியிருக்கிறோம்.

முதலில், பட்டாளத்தின் கதவு நமக்கு எப்போது திறந்தது, எப்போது மூடியது என்று பார்ப்போம். 1818 ஜனவரி 1 அன்று பீமா கோரேகானில் பேஷ்வா படையோடு மோதிய பம்பாய்ப் படையில் மகர்கள் கணிசமாக இருந்தார்கள். அங்குள்ள நினைவுத்தூணில் பொறித்த 49 பெயர்களில் 22 மகர்களுடையவை. ஆனால் 1857க்குப் பிறகு ‘போர்க்குடிகள்’ என்றொரு கொள்கை வளர்ந்தது. வீரம் பிறப்பில் வருகிறது என்றது அது. வெள்ளையனின் இனவாதமும் நம் நாட்டு வருணமும் அதில் கைகோத்துக்கொண்டன. 1890களின் தொடக்கத்தில் மகர்களைச் சேர்ப்பது நின்றது. முதல் உலகப் போரில் ஆள் போதவில்லை; 1917இல் 111ஆம் மகர் படை உருவானது. போர் முடிந்ததும் 1921இல் கலைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தது. 1941இல் மகர் ரெஜிமென்ட், 1943இல் சமார் ரெஜிமென்ட். ஜப்பானியருக்கு எதிராக நின்ற சமார் ரெஜிமென்ட்டை 1946இல் கலைத்துவிட்டார்கள். சாவதற்கு ஆள் வேண்டும்போது தீட்டு இல்லை. சம்பளமும் பென்ஷனும் தரும் காலத்தில் தீட்டு திரும்பி வந்துவிடுகிறது.

சென்னை மாகாணத்திலும் இதுதான் நடந்தது. மதராஸ் படையில் பறையர்கள் பெருமளவில் இருந்தார்கள். காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன; 1930களின் தொடக்கத்தில் பயனியர் படைகளும் போயின. எஞ்சியது பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட சாப்பர்கள் படை. துப்பாக்கிக்கு லாயக்கில்லை, மண்வெட்டிக்கு லாயக்கு என்பதுதான் அதன் உள்ளர்த்தம். ஆனால் அந்த மண்வெட்டியோடு பாலம் கட்டவும் கண்ணிவெடி அகற்றவும் நம்மவர்கள் கற்றுக்கொண்டார்கள். ‘குயின்ஸ் ஓன் சாப்பர்ஸ்’ என்ற படைப்பெயரைக் குறுக்கி ‘குயின்சாப்’ என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்களும் இருந்தார்கள். பிறப்பு கொடுத்த பெயரை உதறி, வேலை கொடுத்த பெயரை எடுத்துக்கொள்வது எவ்வளவு பெரிய ஆசை என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பட்டாளம் தந்தது சம்பளம் மட்டுமல்ல. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார். ராணுவப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். ஓய்வுபெற்ற சிப்பாய் கோபால் பாபா வலங்கர், ஆள்சேர்ப்பு நின்றபோது மனு எழுதினார், தீண்டாமையை எதிர்த்தும் எழுதினார். 1910இல் சிவ்ராம் ஜான்பா காம்ப்ளே அதே கோரிக்கையை லண்டன்வரை கொண்டுபோனார். எழுத்தறிவும் மனுப்போடும் துணிவும் கன்டோன்மென்ட்டிலிருந்து குடியிருப்புக்கு நடந்து வந்தன.

ஆனால் கன்டோன்மென்ட் வேலிக்கு வெளியே சாதி காத்திருந்தது. 1901இல் அந்தச் சுபேதாரின் பிள்ளைகள் நல்ல உடை உடுத்தி மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினார்கள். மகர் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இரட்டை வாடகை தந்து, வண்டியையும் பிள்ளைகளே ஓட்ட வேண்டியதாயிற்று. குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. இதை அம்பேத்கரே எழுதிவைத்ததால் நமக்குத் தெரிகிறது. எழுதிவைக்காத சுபேதார் பிள்ளைகள் எத்தனை பேர்!

‘வெள்ளையனுக்காகச் சண்டை போட்டவர்கள் துரோகிகள் இல்லையா?’ என்று நம்மிடம் கேட்கிறார்கள். கோரேகானின் 200ஆம் ஆண்டு நினைவுநாளில், 2018இல், கூடிய மக்கள்மீது கல் விழுந்ததும் இந்தக் கேள்வியின் பெயரால்தான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இருந்தார்கள். எல்லாச் சாதியாரும் அதில் உண்டு. மற்றவர்களிடம் கேட்காத கேள்வியை நம்மிடம் மட்டும் ஏன் கேட்கிறார்கள்? அதேநேரம் வெள்ளையனை விடுதலை தந்தவனாக நாம் கும்பிடவும் வேண்டியதில்லை. தேவை தீர்ந்ததும் கதவைச் சாத்தியவன் அவனே. 1927 ஜனவரி 1 அன்று கோரேகான் போன அம்பேத்கர் அங்கே தேடியது பிரிட்டிஷ் பெருமையை அல்ல, தம் மக்களின் தன்மதிப்பை. அதே ஆண்டு மார்ச்சில் மகாடில் குளத்து நீரைக் குடித்ததற்காக நம் மக்கள் அடிபட்டார்கள். அந்தக் கூட்டத்தில் உலகப் போரில் சாவைப் பார்த்து மீண்டவர்களும் இருந்தார்கள். அம்பேத்கர் சொல்லுக்கு அடங்கித் திருப்பி அடிக்காமல் நின்றார்களே, அதுவும் போர்வீரம்தான்.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து 80 ஆண்டுகள் ஆகின்றன. அதைக் கண்டவர்கள் அநேகமாகப் போய்விட்டார்கள். 1965, 1971 போர்களில் நின்றவர்கள் நம் குடியிருப்புகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் எந்த முனையில் நின்றீர்கள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். மெஸ்ஸில் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், லீவில் வந்தபோது ஊர்த் தெருவில் செருப்போடு நடந்தீர்களா, டீக்கடையில் எந்தக் குவளையில் தந்தார்கள், பென்ஷன் பணத்தில் யாரைப் படிக்கவைத்தீர்கள் என்றும் கேளுங்கள். வீட்டிலிருந்த பாட்டியிடமும் கேளுங்கள். மணியார்டர் வராத மாதங்களை அவர்தான் சொல்வார். டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் படம் எடுங்கள், சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். அடுத்த ஆண்டு இதே மேடையில் அந்தப் பக்கங்களை நீங்கள் வாசிக்க வேண்டும்.