கழுத்தில் ஒரு செபமாலை

1658இல் டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதும் கத்தோலிக்கக் குருக்கள் விரட்டப்பட்டனர். ஏறத்தாழ 30 ஆண்டுகள் அங்குள்ள மக்கள் திருப்பலியின்றித் தவித்தனர்.

கோவாவில் இருந்த யோசேப் வாஸ் என்னும் குருவின் உள்ளத்தை இச்செய்தி உறுத்தியது. அதை இறைவனின் தூண்டுதலாகவே ஏற்று, 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் சேர்ந்தார். செபமாலையைக் கழுத்தில் அணிந்து வீடுவீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டு யார் முகம் மலர்கிறது என்று பார்த்தார். இப்படித்தான் சிதறிக்கிடந்த கத்தோலிக்கரைத் தேடிக் கண்டடைந்து திடப்படுத்தினார். சில்லாலை மக்கள் அவருக்கு அடைக்கலம் தந்தனர். 1711இல் கண்டியில் இறக்கும்வரை அவர் ஊர் திரும்பவில்லை. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

கோவிலுக்கு வராமல் நின்றுவிட்ட ஒருவரின் முகம் இப்போது நம் நினைவுக்கு வருகிறதா? நினைவூட்டுபவர் ஆண்டவரே. இன்றே அவர் வீட்டுக் கதவைத் தட்டுவோம்.